எட்டரை மணிக்குப் பூட்டுகிற கேட்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதைவிடப் பெரிய வேலை, பாடம் கேட்க வேண்டியவர்களை நேரத்துக்கு உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது. அந்த வேலைதான் எனக்கு. அல்சூர் பக்கம் ஒரு பள்ளியின் ஆபீஸில் இருக்கிறேன். காலையில் கேட்டில் நின்று, தாமதமாக வருகிறவர்களுக்கு லேட் சீட்டு கொடுப்பேன். அதன்பிறகு மேஜைக்கு வந்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போன் போடுவேன். ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறு கையில் ஒற்றை சாக்ஸுமாக "இன்னொண்ணு எங்கடா?" என்று கத்துகிற தாய்மார்களே, சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கிற தகப்பன்மார்களே! எட்டரை நெருங்கும்போது உங்கள் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளுமோ, கேட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கும் அப்படியேதான்.

முதல் ஆளாக வந்தவர்

இரண்டாம் வகுப்பு தன்யாவின் அப்பா கார்த்திக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். கேட்டின் தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடுதான் தினமும் அவர் ஸ்கூட்டர் வந்து நிற்கும். "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிக் கன்னடத்தில் ஆரம்பித்து, ஓல்டு மெட்ராஸ் ரோடு டிராபிக்கைத் தமிழில் திட்டி, ஆங்கிலத்தில் சாரி சொல்லி முடிப்பார். ஒருநாள் எங்கள் எச்.எம். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இனிமேல் முதல் ஆளாக வந்து காட்டுகிறேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனார் மனிதர்.

சொன்னபடியே வந்தார்! அட்மிஷன் வேலைக்காக நான் அன்று சீக்கிரமே வந்திருந்தேன். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க, காலி மைதானத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி, "நாங்கதான் ஃபர்ஸ்ட்!" என்று கத்தினார். தன்யாவும் தோளில் இருந்தபடி கை தட்டினாள். வாட்ச்மேன் சலீம் பாய் மெதுவாக எழுந்து போய், "க்யா சார், ஃபர்ஸ்டும் நீங்கதான், லாஸ்டும் நீங்கதான். இன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, லீவு" என்றார். கார்த்திக் உயர்த்திய கைகளை இறக்கி, மகளைத் தோளிலிருந்து கீழே விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவாயில்ல மேடம், வந்ததை எழுதிக்கோங்க. திங்கக்கிழமைக்கு அட்வான்ஸா வெச்சுக்கலாம்" என்றார்.

திருப்பதி ஜுரம்

நாலாம் வகுப்பு ஹரீஷுக்குக் கடுமையான வைரல் ஜுரம் என்று அவன் அம்மா போனில் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் வர முடியாது, சனிக்கிழமையும் வர முடியாது, எழுந்து உட்காரவே முடியவில்லை என்றார். பின்னால் ஏதோ பஸ் ஹார்ன் கேட்டது. டாக்டரிடம் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஹரீஷ் குல்லா போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே வந்ததும் குல்லாவைக் கழற்ற வேண்டும் என்பது விதி. கழற்றினான். பளபளவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம்! கேட்டில் நின்ற பிள்ளைகள் கூட்டம் 'ஓ' என்று சத்தம் போட்டது. "ஏன்டா, ஜுரத்துக்கு மொட்டையா அடிப்பாங்க?" என்று கேட்டேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தான். "லட்டு மிஸ். ஸ்கூல்ல யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, அதனால சீக்கிரம் சாப்பிட்டுடுங்க."

மீட்டிங்கில் இருந்த அம்மா

ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் வரவில்லை என்று வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே ஒரு பெண் குரல் படபடவென்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லி, தன் குரல் கேட்கிறதா என்றும் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற அம்மா. ஆபீஸ் மீட்டிங் என்று நினைத்துவிட்டார். "உங்க குரல் நல்லா கேக்குது மேடம், உங்க பையனைத்தான் காணோம்" என்றேன். பிறகு நாற்காலி பின்னால் சாயும் சத்தமும், தடதடவென்று ஓடும் சத்தமும், தூரத்தில் ஓர் அலறலும் கேட்டன: "அய்யய்யோ, லாகின் பண்ற அவசரத்துல இவனை எழுப்பவே இல்லையே!"

மழையில் வந்த ஆட்டோ

அரையாண்டுப் பரீட்சை அன்று விடியற்காலையிலிருந்து மழை. பரீட்சை நாளில் மணி அடித்த பிறகு வந்தால் லேட் சீட்டு நிச்சயம், கூடுதல் நேரமும் கிடையாது. கேட்டைப் பூட்டக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஸ்கூல் வேன் டிரைவர் போன் செய்தார். ரயில்வே பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டது, உள்ளே பிள்ளைகள் அழுகிறார்கள் என்றார்.

அப்போது விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு ஓர் ஆட்டோ வந்தது. ஜோகுபாளையத்து முருகேசன் அண்ணன். அவர் மகள் அஞ்சலி எங்களிடம் எட்டாவது படிக்கிறாள்; அவளைக் கொண்டுவிட வரும் வழியில் நின்றுபோன வேனைப் பார்த்திருக்கிறார். ஆட்டோவுக்குள் நனைந்த கோழிக்குஞ்சுகள் மாதிரி வேன் பிள்ளைகள்! இறக்கிவிட்ட கையோடு வண்டியைத் திருப்பினார். மறுபடி வந்தார், மறுபடி போனார். ஒவ்வொரு முறை ஆட்டோ வந்தபோதும் முதல் மாடி ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் விசிலடித்தார்கள். சலீம் பாய் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு இடுப்பிலும் பக்கத்துக்கு ஒரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனால் அஞ்சலியைக் காணோம். "சின்னதுங்க பயப்படுதுங்கன்னு வேன்லயே உக்காந்திருக்கா" என்று கத்திவிட்டு அண்ணன் கடைசி முறையாகப் போனார்.

மணி அடித்துவிட்டது. அதன்பிறகுதான் ஆட்டோ வந்தது. கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலி இறங்கினாள். பாவாடை முழுக்கச் சேறு. லேட் சீட்டுப் புத்தகத்தை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. எச்.எம். தன் ஷாலையே அவள் தலையில் போட்டு, "உனக்கு மட்டும் கூடுதல் நேரம், போ" என்று தள்ளினார். முருகேசன் அண்ணன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "ரூல்னா ரூல்தான் மேடம், அவளுக்கு லேட்டுன்னே போடுங்க. பசங்க எல்லாம் வந்து சேந்துட்டாங்களான்னு மட்டும் ஒருவாட்டி எண்ணிப் பாத்துடுங்க."

யாழினி எங்கே?

பள்ளி திறந்த முதல் வாரம். மூன்றாம் வகுப்பு யாழினி வரவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அவள் அம்மா செல்வி சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். போன் போட்டு, "யாழினிக்கு உடம்பு சரியில்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். செல்வி மெல்லிய குரலில், "நானே கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டேனே மேடம்" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். "பச்சி, அந்தச் சின்னப் பொண்ணு, உள்ளே வந்துச்சு மேடம், எனக்கு சலாம் போட்டுட்டுப் போச்சு" என்று சலீம் பாய் சத்தியம் செய்தார். பி.டி. சார் மொட்டை மாடிக்கு ஓடினார். ஆயாக்கள் டாய்லெட் கதவுகளைத் தட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி மூடியை யாரோ தூக்கிப் பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எச்.எம். போலீசுக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்துவிட்டார். செல்வி ஆட்டோவிலிருந்து இறங்கிச் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார். "சின்னவ எங்க? அவளாவது இருக்காளா?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. தங்கை மித்ரா அந்த வாரம்தான் எல்.கே.ஜி.யில் சேர்ந்திருந்தாள்!

எல்.கே.ஜி. வகுப்புக் கதவைத் தள்ளினேன். அறை முழுக்க அழுகைக் கச்சேரி. மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க யாழினி உட்கார்ந்திருந்தாள். மடியில் மித்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விசும்பின. புதிதாக வந்த டீச்சரோ, "மேல கிளாஸ்லேருந்து ஹெல்ப்புக்கு அனுப்பியிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்!" என்று திகைத்தார். செல்வி மகள் முதுகில் ஓர் அடி வைத்தார், அடித்த கையாலேயே அணைத்துக்கொண்டு கதறினார். நாங்கள் எல்லோரும் அழுதோம், சிரித்தோம். யாழினிக்கு மட்டும் என்மேல் பயங்கரக் கோபம். "அம்மாகிட்ட ஏன் மிஸ் பொய் சொன்னீங்க? நான் ஆப்சென்ட் இல்ல, வேற கிளாஸ்ல பிரசன்ட்!"

இந்தப் பிள்ளைகள் படித்து என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்த ஊர் டிராபிக்கில் வருஷக்கணக்காக அவர்களை எட்டரைக்குள் கேட்டுக்குள் தள்ளிவிட்ட அப்பா அம்மாக்களுக்கு முதலில் ஒரு பட்டம் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.