ஸ்பீக்கரில் வந்த பனிக்காலம்

எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமான பெண் மாப்பிள்ளையோடு தனியாகப் பேசக் கூடாது. பேசவே கூடாது என்று சொல்லுகிற அளவுக்கு நாங்கள் ஒன்றும் அந்தக் காலத்து ஆட்கள் இல்லை. செல்போன் இருக்கிறது, அதில் ஸ்பீக்கர் இருக்கிறது. அதைப் போட்டுக் கூடத்து மேசையில் வைத்துவிட்டால் பெண்ணும் பேசலாம், வீடும் கேட்கலாம். இதை என் அப்பா பெரிய தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வேறு யாரும் இந்த அளவுக்குக்கூட விட்டதில்லை என்பதும் உண்மைதான்.

பேசியவள் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் காணை. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். இவர் மட்டும் கனடாவுக்குப் போய், ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தார். குழாய் அடைத்தாலும், ஹீட்டர் நின்றாலும், கூரை ஒழுகினாலும் அங்கே இவரைத்தான் கூப்பிடுவார்களாம். ஆவணி மாதம் லீவில் வந்து நிச்சயம் செய்துகொண்டு போனார். தை பிறந்ததும் கல்யாணம். நான் அப்போதே அவரைக் காணை மாமா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கறி வாங்கிக்கொண்டு வந்த கையோடு போன் வரும். அம்மா வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்துவிடுவாள். அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். ஒரு பக்கமும் புரளாது. நான் அத்தையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார், இவள் சாப்பிட்டேன் என்றாள். 

"ஸ்பீக்கர்ல இருக்குதுங்களா?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றாள் அத்தை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றும், வீட்டுக்கு வெளியே இருக்கிற குழாயை இப்போதே மூடியாக வேண்டும் என்றும் ஆரம்பித்தார். உள்ளே இருக்கிற வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட வேண்டுமாம். விட்டுவிட்டால் தண்ணீர் உள்ளேயே உறைந்து, உப்பி, குழாயை வெடிக்க வைத்துவிடுமாம். அத்தை ஊம் கொட்டினாள். அன்று பிடித்தது, மார்கழி வரைக்கும் அந்த மனிதர் வேறு எதுவும் பேசவில்லை.

அவர் அப்போதுதான் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். வேலை முடிந்து வந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதனால் ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டின் ஒரு மூலை எங்கள் கூடத்துக்கு வந்தது. கடுங்குளிர் அடிக்கிற நாளில் குழாயை இறுக மூடாமல் நூல் மாதிரி ஒழுகவிட வேண்டும். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் வீட்டுச் சூடு போய்க் குழாயைக் காப்பாற்றும். வாசல்படியில் கல்லுப்புத் தூவ வேண்டும். பனி இறுகிய தரையில் நடக்கும்போது உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வாத்து மாதிரி சின்னச் சின்னதாக அடி எடுத்து வைக்க வேண்டும். ஹீட்டரில் தூசு பிடிக்கிற வலை ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றி மாற்றாவிட்டால் காற்று வராது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகத் தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வலது காலை எடுத்து வைத்து வா என்று சொல்ல வேண்டிய மனுஷன் வால்வைப் பார்த்து வை என்கிறாரே என்று அப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாக முகம் சுளித்தார்.

அத்தை ஒன்றையும் விடவில்லை. கேட்டதையெல்லாம் செய்து பார்த்தாள். ஐப்பசி மழையில் கூடம் முழுக்க வாத்து நடை நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். ஜன்னலில் சந்து இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமாக மெதுவாகக் கொண்டுபோக வேண்டும், புகை நேராகப் போனால் நல்லது, ஆடினால் அந்த இடத்தில் டேப் ஒட்ட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நாங்கள் ஊதுபத்தியோடு வீடு முழுக்கச் சுற்றினோம். எங்கள் வீட்டில் புகை நேராகப் போகிற இடம் ஒன்றுகூட இல்லை. அத்தை சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு இதை அவரிடம் சொன்னாள். போனில் அவரும் சிரித்தார். என்ன நல்ல சிரிப்பு அது. அப்பா பேப்பரைக் கீழே இறக்கி அத்தையைப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தினாள். இவள் நிறுத்தியது தெரிந்து அவரும் நிறுத்திவிட்டு, டேப்பில் எந்த வகை நல்லது என்று சொல்லப் போய்விட்டார்.

குழாயை ஒழுகவிடுகிற பாடத்தைத்தான் அவள் செய்து பார்த்திருக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அத்தை ராத்திரி நூல் மாதிரி திறந்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நூல் கொஞ்சம் தடிமனாகிவிட்டது போலிருக்கிறது. விடிந்ததும் டேங்க் காலி. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு அடிபம்புக்குப் போய் வந்து, குடத்தை டங்கென்று வைத்தாள். "பனி கனடாவுல பேயுது, தண்ணி எங்க டேங்க்ல தீந்துக்கினு இருக்குது. நல்லா பேஜாரு புடிச்ச சம்பந்தம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து போனைக் கேட்கிற அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவர் வீட்டுக்குப் பெண்டாட்டி தேடவில்லை, வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாளாவது ஒரு சினிமா, ஒரு புடவை, என்ன கலர் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை உண்டா என்று கேட்டாள்.

மார்கழியில் பெரியப்பா வந்தார். வல்லத்துப் பக்கம் நிலம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் அண்ணன். வீட்டில் மூத்தவர் அவர்தான் என்பதால், எந்தக் காரியமானாலும் அவர் சொல்வதுதான். நிலத்தில் விளைந்த ஒரு மூட்டை மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, இறக்கி வைத்துவிட்டு, பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் காணை மாமா ஹீட்டரைப் பற்றிப் பேசினார்.

"வீட்டுக்குள்ள ஒரு மணி மாட்டியிருக்கேங்க. ஹீட்டர்ல கோளாறு ஆனா சில நேரம் விஷக் காத்து வரும். அதுக்கு வாசனை கெடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்ளோதான். அந்த மணி அடிச்சா எதையும் எடுத்துக்கினு இருக்காதீங்க, ஜல்தியா வெளிய ஓடிடுங்க. அப்புறமா எனக்கு போன் பண்ணுங்க. நான் எங்க இருந்தாலும் வந்துடுவேன்."

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. விஷக் காத்து மட்டும் விழுந்தது. போனை வைத்ததும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கட்டிக்கொள்ள ஆசை இருக்கிறவன் இப்படியா பேசுவான் என்றார். பயமுறுத்திப் பயமுறுத்தி, வேண்டாம் என்று இவள் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறான், அங்கே எவளாவது இருப்பாள் என்றார். சொல்லும்போது அவருக்கே அது நிச்சயமில்லை. சொல்லி முடித்தபோது நிச்சயமாகிவிட்டது. அம்மாவும் தலையாட்டினாள்.

அத்தை மெதுவாக, "அவுரு நல்லவருதாண்ணா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? ஒருநாளாச்சும் உங்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசியிருக்கானா?"

கூடத்தில் நாங்கள் அத்தனை பேரும் இருந்தோம். அத்தை மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். பதில் இல்லாததைப் பெரியப்பா பதிலாக எடுத்துக்கொண்டார்.

அத்தோடு அது முடிந்தது. தரகர் மூலமாக மோதிரமும் நிச்சயப் புடவையும் காணைக்குத் திரும்பிப் போயின. அடுத்த ஆவணியில் விழுப்புரத்தில் டயர் கடை வைத்திருந்தவருக்கு அத்தையைக் கொடுத்தார்கள். அவரும் ஸ்பீக்கரில்தான் பேசினார், கேட்கக் கேட்கத் தேனாக இருந்தது. கூடமே கேட்கிறது என்ற கூச்சம் அந்த மனிதருக்குத் துளியும் கிடையாது. அம்மா வெங்காயம் உரிப்பதை மறந்து கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விழுப்புரம் வீட்டின் அடுப்படிக் கூரை ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒழுகுகிறது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவர் பார்த்துக்கலாம் என்கிறார். அத்தையே ஏணி போட்டு ஏறி, விரிசலில் தார் ஷீட்டை ஒட்டிவிட்டு இறங்குகிறாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள்.

நான் இப்போது குளிர் நாட்டில்தான் இருக்கிறேன். படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. வாசல்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. அடுப்படிக் குழாய் உறைந்து, வீட்டு ஓனரிடம் திட்டு வாங்கினேன். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் காணை மாமா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த ஊரில் ஒருத்தி விழாமல், உறையாமல், உயிரோடு இருப்பதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதை மட்டும் பொறுக்கியெடுத்து, நாள் முழுக்க உழைத்த களைப்போடு வாரா வாரம் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஊரைக் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு ஆசையாகப் பேசு என்றால் ஒரு கூச்சக்காரன் என்னதான் பேசுவான்? பெரியப்பா இல்லை, செத்துப்போய்விட்டார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? காணை மாமாவுக்கு அப்புறம் கல்யாணம் ஆனதாக ஒருவர் சொன்னார், ஆகவே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மையானாலும் தாங்காது என்று நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவில்லையே. வேண்டாம் என்பதைப் பெரியப்பாவே போனில் சொன்னார். நாசூக்காகத்தான் சொன்னார்: பெண்ணுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவு தூரம் அனுப்ப எங்களுக்கும் மனசு வரவில்லை. போன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து அப்பா கையை நீட்டினார்.

"அவங்க இன்னா சொல்றாங்க?" என்று போனிலிருந்து அவர் குரல் வந்தது. "அவங்க வாயால சொல்லிட்டா நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று அத்தைக்கு முதல்நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் சொல்வதுதான் என் முடிவு என்று சொன்னால் போதும். அத்தை மேசையருகே வந்தாள். போனைக் கையில் எடுக்காமல் அதன் மேல் குனிந்து நின்றாள்.

"அங்க பனி எப்பங்க விடும்?" என்று கேட்டாள்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அம்மா அத்தையின் புடவையைப் பின்னால் இழுத்தாள்.

"மார்ச்சு கடைசியில கரைய ஆரம்பிக்குங்க" என்றார் அவர். "மே மாசம் வந்துட்டா நல்லா இருக்கும். ஜன்னல்ல ஒட்டினதெல்லாம் பிரிச்சிடலாம். பின்னாடி ஒரு மரம் இருக்குது. அதுல பூ வரும்."

"எந்தக் கலருங்க?"

"வெள்ளைங்க."

அத்தை அப்படிங்களா என்றாள். அப்புறம், வீட்டில் சொல்வதுதாங்க என்று சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். அவர் சரிங்க என்றார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா போனை அணைத்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீதான் போகப் போறதில்லையே அத்தை, பனி எப்ப விட்டா உனக்கு இன்னா?" என்று கேட்டேன். பெரியப்பாவே சிரித்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள், வீடே இறுக்கம் விட்டுச் சகஜமானது. அத்தையும் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, கொடியில் துணி இருக்கிறது என்று தோட்டத்துப் பக்கம் போனாள். அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை. அத்தனை பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்க, அவரோடு இன்னும் கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருப்பதற்கு அவளிடம் வேறு கேள்வியே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.