அண்ணி கொண்டுவந்த குடம்

போன சனிக்கிழமை பூஜைச் செம்பு அடியில் ஒழுகியது. என் மருமகள் குழாய் ஒழுக்கு அடைக்கிற பசையை வாங்கிவந்து, இரண்டு விரலால் பிசைந்து அப்பிவிட்டாள். "அவ்ளோதான் அத்தே, காயட்டும்" என்று போனைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த நெடி மூக்கில் ஏறி, வேறொரு நெடியை இழுத்துக்கொண்டு வந்தது. நவச்சாரப் புகை. பித்தளை ஓட்டையை ஈயத்தால் அடைத்துப் பற்று வைக்கிறவர், சுட்ட இடத்தில் நவச்சாரத்தைத் தேய்த்தால் வெள்ளையாகக் கிளம்பிக் கண்ணைக் கரிக்கும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுதுவதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சித்தூரில் இருந்தாலும், பிறந்தது கார்வேட்டிநகரம் பக்கம். என் அண்ணனுக்குப் பாலசமுத்திரத்தில் பெண் எடுத்தோம். புதிதாக வரும் மருமகள், தாய் வீட்டுக் குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து பெருமாள் படத்தின் முன் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்போம். அண்ணி கொண்டுவந்தது பழைய பித்தளைக் குடம். அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. புளி போட்டுத் தேய்த்த மினுமினுப்பில் யாருக்கும் தெரியவில்லை, தண்ணீர் ஏறியதும் தெரிந்துவிட்டது. கிணற்றிலிருந்து வாசல்வரை மண்ணில் சொட்டுச் சொட்டாகக் கோடு.

பின்னால் வந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "பாருங்கடி, திரும்பிப் போக வழி தெரியணும்னு அண்ணி புள்ளி வெச்சிக்கினு வராங்க" என்றேன். தெருவே சிரித்தது. எனக்குப் பதினேழு வயசு. நாலு பேர் சிரித்தால் தலைகால் புரியாது. அன்று சாயங்காலமே 'ஒழுகலு' என்று பேரும் வைத்தேன். ஒரு வாரத்தில் அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோர் வாயிலும் அதுதான்.

"வூட்டுத் தண்ணி மொத்தமும் இந்தக் கொடத்துலதான் வரணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். "ஓட்டைய உங்க நைனா வந்து அடைக்கட்டும். அதுவரிக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது."

அவளைப் பெற்ற நைனா கால் விளங்காமல் படுக்கையில் கிடந்தார். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிணறு நாலு வயல் தாண்டி இருந்தது. வெடிப்பில் சோப்பை அப்பிக்கொண்டு அண்ணி ஓடுவாள். எவ்வளவு ஓடினாலும் பாதிக் குடம்தான் வந்து சேரும். மார்கழிப் பனியில் இடுப்புக்குக் கீழே நனைந்து நடுங்குவாள். "இன்னாடி ஒழுகலு, குளிச்சிட்டியா?" என்பான் கட்டிலில் இருக்கிற அண்ணன். நான் சிரித்துவிட்டு விளக்கேற்றப் போவேன்.

தை பிறந்ததும் பற்று வைக்கிறவர் வந்து, கிணற்றடியில் கரியும் துருத்தியுமாக உட்கார்ந்தார். அன்று அண்ணி ஓடவில்லை, நடந்து வந்தாள். குடம் நிறையத் தண்ணீர். புடவை காய்ந்திருந்தது, அதில் அந்த நெடி. தன் பங்குக் களியை அவருக்குக் கொடுத்து ஈயம் வைத்துக்கொண்டாளாம். என்னிடம் சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. "அத்தைகிட்ட சொல்லிடாத கண்ணு."

சொன்னேன்.

அம்மா கத்தவில்லை. "நீதான கண்டுபுடிச்ச, நீயே தட்டு" என்று ஓர் ஆணியை என் கையில் கொடுத்தாள். அன்று சனிக்கிழமை, நான் ஒருபொழுது விரதம். பெருமாள் படத்துக்கு எதிரில் குடத்தைக் கவிழ்த்து, ஆணியை வைத்து, அம்மிக் குழவியால் அடித்தேன். ஈயம் மெத்தென்றுதான் இருந்தது. இரண்டே அடியில் பெயர்ந்து விழுந்தது. அண்ணி அழவில்லை. அந்தத் துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் தண்ணீருக்குப் போனவள் அப்படியே புத்தூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அதே பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர்க்காரர் வந்து சொன்னார். "காலிக் கொடத்த எட்துக்கினு எங்கம்மா போற?" என்று கண்டக்டர் கேட்டாராம். "பத்து வெக்க" என்றாளாம்.

யாரும் போய் அழைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை அம்மா அடுப்பில் போட்டாள். ஆவணியில் அண்ணனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டோம்.

அம்மாவும் போய்விட்டாள், அண்ணனும் போய்விட்டான். கிணற்றைத் தூர்த்துத் தண்ணீர் டேங்க் கட்டியிருக்கிறார்கள். பாலசமுத்திரத்தில் அந்தக் குடும்பம் இருந்ததாகச் சொல்லக்கூட ஆள் இல்லை.

பசை நெடி மூக்கைவிட்டுப் போகாததால் மூன்றாம் நாள் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். மலைக்குப் போகுமுன் கீழே ஒரு கோயிலில், அவளுக்காக அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். பெருமாளிடம் வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு செப்பம்மா" என்று தெலுங்கில் கேட்டார்.

வாயைத் திறந்தேன். அவள் அப்பா அம்மா வைத்த பேர் வரவில்லை. நான் வைத்த பேர்தான் நாக்கில் வந்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அர்ச்சகர் தேங்காயை உடைக்காமல் தட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.