நூற்றைத் தாண்டிய பாய்லர்

எங்கள் சித்தப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் போடும் வியாதி. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு நூடுல்ஸ் கம்பெனியில் நீராவி பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. போட்ட விறகில் எத்தனை பங்கு உருப்படியாக நீராவி ஆனது, எத்தனை பங்கு புகைபோக்கி வழியாக ஊர் மேயப் போனது என்று அங்கே தினமும் எழுதுவார்களாம். அந்தப் பழக்கம் அவர் கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. பெரியப்பா ஒன்பது இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டால், அவர் காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்து, "இவ்ளோ கட்ட உள்ள போவுது, ஸ்டீம் மட்டும் வரவே மாட்டேங்குது பாரு" என்பார். அக்காவும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். என்னைவிட நான்கு வயது பெரியவள். பெரியப்பா குடும்பம், நாங்கள் மூன்று பேர், கல்யாணமாகாத சித்தப்பா என்று எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல். குளிப்பதற்கும் ஒரே பாய்லர்தான். கொல்லையில் குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும், வயிறு பெருத்த செம்புப் பாய்லர். நடுவில் நெருப்புக் குழல், கீழே சாம்பல் தட்டு, பக்கத்தில் ஒரு குழாய். அதற்குத் தீனி பெரியப்பா கொண்டுவருவது. அவர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு லோடு வண்டி ஓட்டினார். மிஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகைகளை மூட்டை கட்டி எடுத்துவந்து கொல்லையில் குவிப்பார்.

அந்த வருஷம் மார்கழியில் குவியல் மளமளவென்று இறங்கியது. ஒரு வாரத்துக்கு என்று போட்ட கட்டை பாதி வாரத்திலேயே காலி. பெரியப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இத்தினி கட்டையும் எங்கதான் போவுது?" என்று ஒரு சத்தம் போட்டார். போதாதா? அன்றைக்கே அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிடித்துக்கொண்டது.

"கொண்டாந்து போடறது எங்க ஊட்டுக்காரரு. வாரி வாரி எரிக்கிறது இன்னொருத்தி கை" என்று பெரியம்மா தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்வாள். 

அம்மா துணி துவைக்கும் கல்லைப் பார்த்துப் பதில் சொல்வாள். "ஒம் பொண்ணு முடிய அலச எத்தினி வாளி ஆவுது, அத்த யாரு கேக்கறதுக்கா?"

அதற்குப்பின் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே இல்லை என்று ஆயிற்று. உப்பு வேண்டுமென்றால்கூட என்னைத்தான் தூது அனுப்புவார்கள். இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு "உப்பு கேட்டாங்க", "தீந்துபோச்சாம்" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கால் ஓய்ந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "இன்னாத்துக்குத் தெனமும் இந்த ரோதன? ஊட்டுக்கு நடுவால ஒரு செவுரு வெச்சுட்டா தீந்துது. ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு பாய்லரு."

அக்காவும் நானும் ஒரே பாயில் படுப்பவர்கள். சுவர் வந்தால் அக்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அப்பா வழக்கம்போல சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சித்தப்பாதான் வாயைத் திறந்தார்.

"செவுரு வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்டு வெச்சுப் பாப்போம்ணா. யாரு கை ஜாஸ்தியா எரிக்குதுன்னு பாய்லரே சொல்லிடும்."

"அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மாதம் முழுவதிலும் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தோற்றுவிடுவோமோ என்று ஆளுக்கு ஆள் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பா மட்டும், "வெச்சுப் பாரு" என்றார்.

சித்தப்பா விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு கிலோ கட்டை எரிந்தால் இத்தனை சூடு வந்தாக வேண்டும். பாய்லரில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருந்தது, அது எவ்வளவு சூடேறியது என்று பார்த்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சூடு எவ்வளவு என்று தெரியும். சேர்ந்ததை வந்ததால் வகுத்தால் பாய்லரின் லட்சணமும் எரித்தவளின் லட்சணமும் தெரிந்துவிடும். வீட்டுப் பாய்லருக்கு நூற்றுக்கு முப்பது கிடைத்தாலே அது மகராசி என்றார். மீதி எல்லாம் புகையோடு போகும், சாம்பலில் போகும், செம்பின் உடம்பு வழியாகக் காற்றில் போகும்.

பழைய பேப்பர் கடையிலிருந்து தராசு வந்தது. கம்பெனியிலிருந்து நீளமான தெர்மாமீட்டர் வந்தது. முதல் நாள் அம்மாவின் முறை. சித்தப்பா கட்டையை எடை போட்டுக் கொடுத்தார். தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுக் குளிரை அளந்தார். "தொட்டித் தண்ணிதானே உள்ளயும் கீது" என்று பாய்லரின் மூடியைத் திறக்கவே இல்லை. அம்மா நெருப்பை மூட்டினாள். வெந்நீர் தயாரானதும் குழாயில் பிடித்து மறுபடியும் அளந்தார். பிறகு திண்டில் உட்கார்ந்து கூட்டிப் பெருக்கி வகுத்தவரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து!

"அப்டி போடு" என்றாள் அம்மா, துவைக்கும் கல்லிடம்.

மறுநாள் பெரியம்மா. ஊதுகுழலை எடுத்துக்கொண்டு வந்தவளைப் பார்த்தால் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. அவளுக்கு நூற்று முப்பதுக்கும் மேலே வந்தது. பெரியம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாள்.

சித்தப்பாவுக்குச் சோறு பிடிக்கவில்லை. எந்தப் பாய்லரும் நூற்றைத் தாண்டாது, தாண்டவும் கூடாது. அடுத்த மாதம் அவருக்குப் பாய்லர் ஆபரேட்டர் பரீட்சை வேறு. கம்பெனி இன்ஜினீயரிடம் கேட்டிருக்கிறார். "அந்தப் பாய்லரை வித்துடாதய்யா, அதை வெச்சு ஊருக்கே கரண்ட் குடுக்கலாம்" என்று அவர் சிரித்தாராம். பெரியப்பா தன் பங்குக்கு, "அவ்ளோ நல்ல பாய்லருன்னா என் கட்ட ஏன்டா கொறையுது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். யாரும் எழுந்திருக்காத நேரத்தில் அவர் கொல்லைக்குப் போய், பாய்லரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். வைத்த வேகத்தில் கையை உதறிக்கொண்டாராம். சாம்பல் தட்டை இழுத்தால் அடியில் தணல் சிவந்து கிடந்தது. யாரோ ஏற்கெனவே ஒரு முறை பாய்லரை எரித்து, வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் தொட்டித் தண்ணீரை ஊற்றி மூடிவைத்திருக்கிறார்கள். அதுவும் அந்தத் தணலில் முக்கால்வாசி சூடாகிவிடும். முக்கால்வாசி சூடான தண்ணீரை மீதி சூடாக்கிவிட்டு, முழுச் சூட்டையும் இவர் அண்ணிகள் கணக்கில் எழுதியிருக்கிறார். நூற்றைத் தாண்டாமல் என்ன செய்யும்?

அப்போது கொல்லையின் பின்பக்கத்துக் கதவு திறந்தது. அம்மாவும் பெரியம்மாவும் பெரிய வாளி ஒன்றின் பிடியை ஆளுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்தபடி உள்ளே வந்திருக்கிறார்கள். வாளி காலியாக இருந்தது.

"இன்னா அண்ணி, பேச்சுவார்த்தையே கெடயாதுன்னீங்க. ஒரே வாளிய ரெண்டு பேரும் தூக்கினு வரீங்க?"

பெரியம்மா அசரவில்லை. "சண்ட வாய்க்குத்தான் தம்பி. கைக்கு இன்னா வந்துச்சு?"

"யாருக்கு வெந்நி?"

அம்மாதான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாளாம். "லைன் ஊட்ல கடசி ரூமு. புள்ள பெத்துகினு வந்து கீறா தம்பி. ஊட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு. ஊத்தி உட ஒரு ஆளில்ல. பச்ச ஒடம்ப வெச்சுகினு பச்சத் தண்ணில குளிச்சிகினு இருந்துச்சு பொண்ணு."

யார் என்று சித்தப்பா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நான்காவதாக ஒரு தங்கை இருந்தாள். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவள், பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு லேத் பட்டறைப் பையனை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டாள். அவன் நம்ம ஆளுங்க இல்லை. பெரியப்பா அன்றைக்கே அவளைத் தலைமுழுகினார். அவள் பெயரை எடுப்பவர்கள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அவள் பெயர் மட்டும் இல்லை, கல்யாணத்துக்கு முன்பு எடுத்த போட்டோக்கள்கூட எங்கேயோ போய்விட்டன. அப்போது நான் தவழ்கிற குழந்தையாம். அந்த அத்தைதான் இப்போது எங்கள் கொல்லைக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், கைக்குழந்தையோடு வந்து சேர்ந்திருக்கிறாள். கட்டை குறைவதற்கு ஆண்களிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. அதற்காக ஓரகத்திகள் இரண்டு பேரும் கூடிப் பேசி, சண்டை போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அடப்பாவிகளா, நான் உப்புக்குத் தூது போனதெல்லாம் நாடகத்துக்குத்தானா!

"எப்டி கீறா?" என்று மட்டும் சித்தப்பா கேட்டிருக்கிறார்.

"எளச்சுட்டா. புள்ளைக்கு அப்டியே ஒம் மூக்கு" என்றாளாம் பெரியம்மா.

இது எதுவும் தெரியாமல் நான் அன்று மாலை அக்காவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெஸ்டின் முடிவைச் சொல்லும் நேரம். பெரியப்பா நாற்காலியில். அப்பா பேப்பரோடு. அம்மாவும் பெரியம்மாவும் சமையலறை வாசலில், ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. சித்தப்பா உண்மையைச் சொன்னால் நாளைக்கே வெந்நீர் நின்றுவிடும்; சொன்னவரும் ஊற்றியவர்களும் வீட்டில் இருக்க முடியுமா என்பதே சந்தேகம். அண்ணிகளில் ஒருத்தி மேல் பழியைப் போட்டால் சுவர் எழும்பிவிடும். எனக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். செங்கல் வந்து இறங்குவது மாதிரியே கண்ணுக்குள் தெரிந்தது.

"அண்ணிங்க ரெண்டு பேரு மேலயும் குத்தம் இல்லண்ணா" என்றார் சித்தப்பா. "பாய்லரும் நல்லாத்தான் கீது. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

"அப்ப கட்ட எங்க போவுது?"

"எல்லா பாய்லர்லயும் கொஞ்சம் சூடு கணக்குல காட்ட முடியாத எடத்துக்குப் போவும்ணா. எங்க கம்பெனிலயும் போவுது. அத்த யாரும் கேட்டுகினு இருக்க மாட்டாங்க."

"நம்ம ஊட்ல எவ்ளோ போவுது?"

"தெனமும் காத்தால... ஒரு பெரிய வாளி அளவுக்கு."

அப்பா பேப்பரை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கொல்லைப் பக்கமே, அதற்குப் பின்னால் லைன் வீடு இருக்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"பொண்ணா, பையனா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாய்லரில் அப்படியெல்லாம் உண்டா? அக்காவிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்; அவள் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"பொண்ணு" என்றார் சித்தப்பா.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பாய்லர் பொம்பளை என்பது தெரிந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். அதில் அழ என்ன இருக்கிறது?

பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தபோது வண்டி நிறைய சவுக்குக் கட்டை இருந்தது. பெட்டிப் பலகை இல்லை. காசு கொடுத்து விறகுக் கடையில் வாங்கிய, நன்றாகக் காய்ந்த சவுக்கு. கொண்டுவந்து கொட்டுவதோடு சரி என்றிருந்த மனிதர், அன்று தானே இறக்கி, தானே அடுக்கினார். அடுக்கி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"இது நின்னு எரியும். நாளைலருந்து இதப் போடுங்க. வாளிய ஒரு துணி போட்டு மூடிகினு போங்க. போறதுக்குள்ள ஆறிடப் போவுது."

அவர் சொன்னது அபத்தமாக இருந்தது எனக்கு. பாய்லர் இருப்பதே குளியலறைச் சுவரை ஒட்டி. அங்கிருந்து உள்ளே தூக்கிப் போவதற்குள் எந்தத் தண்ணீராவது ஆறுமா? சித்தப்பா கணக்கு மாதிரியே உங்கள் கணக்கும் தப்பு பெரியப்பா என்று நான் எடுத்துச் சொன்னேன். புரியவில்லையோ என்று, பாய்லருக்கும் குளியலறைக்கும் நடுவே நடந்தும் காட்டினேன்.

எதிர்த்துப் பேசினால் காதைத் திருகிவிடுகிற மனிதர் அவர். அன்று திருகவில்லை. "ஆமாம்மா, கிட்டத்துலதான் கீது" என்றார். அவரை வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.