அவலுக்குள் விழுந்த முனை

மூன்று வருசத்துக்கு முந்தின நவராத்திரி அது. கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், பதினான்கு குடும்பங்கள் இருக்கிற ஒரு ஃபிளாட்டில்தான் அப்போதும் இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். சரஸ்வதி பூசையன்று கீழே கார் நிறுத்துகிற இடத்தைக் கழுவி, கோலம் போட்டு, எல்லோரும் சேர்ந்து பூசை செய்வோம். படையலுக்குப் பழம் வெட்டுவதும் அவல் குழைப்பதும் என் வேலை. யாரும் தந்த வேலை இல்லை. ஏழெட்டு வருசமாகச் செய்து செய்து என்னுடையதாகிப்போனது.

அதற்கு முந்தின வருசம் எங்கள் எதிர் வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அவ என்னைவிட ஏழு வயது இளையவ. வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிப்பா. என் மகளும் அங்கேதான் போனாள். வகுப்பு முடிந்தால் அவ பழம் வெட்டிக் கொடுப்பா. ஒரு வெள்ளைக் கத்தி வைத்திருந்தா, செரமிக் கத்தி. பார்த்தால் கோப்பை பீங்கான் மாதிரி, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் தக்காளியில் வைத்தால் அதுவாகவே இறங்கும். ஆப்பிளை வெட்டினால் துண்டு அவ்வளவு மெல்லிசு, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும்.

வீட்டில் கொய்யாப்பழத்தைத் திரும்பியும் பார்க்காத என் மகள், அங்கே இரண்டு பழம் தின்றுவிட்டு வந்தாள். ஏனடி என்று கேட்டதற்கு, “அம்மா, நீங்கள் வெட்டினா பழத்தில இரும்பு மணக்குது. அன்ரி வெட்டினா மணக்காது” என்றாள். பிள்ளை நினைத்ததைச் சொன்னது. அன்றிரவு என் கத்தியை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

அந்த வருசப் பூசைக்கு அவ ஒரு தட்டுப் பழம் வெட்டி வைத்தா. பப்பாசியும் அன்னாசியும் பூ மாதிரி அடுக்கியிருந்தது. எல்லோரும் அந்தத் தட்டைப் போனில் படம் பிடித்தார்கள். என் தட்டும் பக்கத்தில்தான் இருந்தது. கணவரிடம் அப்படி ஒரு கத்தி வாங்கித் தரச் சொன்னேன். “வீட்டில நாலு கத்தி கிடக்குதே” என்றார். அவருக்கு விளங்கவில்லை. எனக்குக் கத்தியா வேண்டும்?

அடுத்த வருசம், இந்தக் கதை நடந்த வருசம், அவவே வந்து கேட்டா: “அக்கா, இந்த முறை எங்கட குசினியில ரெண்டு பேரும் சேர்ந்து செய்வமே?” மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பின்னேரம் நான்கு மணி இருக்கும். அவ சமையலறையில் சீனியும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டு அவலைக் குழைத்து, பெரிய பேசினில் மூடாமல் வைத்திருந்தோம். அதன்மேல் அடுக்கத் தேங்காய்ச் சொட்டு, சின்னச் சின்னத் துண்டாக, வெட்டுவது மட்டும்தான் மிச்சம். பூமாலை வந்துவிட்டதென்று அவ கீழே இறங்கினா. “பத்து நிமிசம் அக்கா, வந்திடுறன்.”

தனியாக நின்ற என் கண் அந்த வெள்ளைக் கத்தியில் போனது. உறையைக் கழற்றினேன். கையில் எடுத்தால் ஒரு பாரமும் இல்லை. இதை வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் வெட்ட வராது என்று நினைத்தேன். அவ வருவதற்குள் எல்லாச் சொட்டையும் வெட்டி, அவவைவிட மெல்லிசாக அடுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு வெறி. என் பழைய கத்தியால் செய்கிற மாதிரியே முனையைச் சிரட்டைக்கும் தேங்காய்க்கும் நடுவில் குத்தி நெம்பினேன்.

டிக் என்று ஒரு சத்தம். முனை இல்லை.

மேசையில் தேடினேன், நிலத்தில் தேடினேன். பக்கத்தில் அவல் பேசின். வெள்ளை அவல், வெள்ளைத் தேங்காய்ப்பூ, வெள்ளைச் சீனி. கரண்டியால் இரண்டு தரம் கிளறிப் பார்த்தேன். லிப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் கத்தியைத் துடைத்து, உறைக்குள் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவ வந்தபோது என் பழைய கத்தியால் சொட்டு வெட்டிக்கொண்டு நின்றேன். வேறெங்காவது தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

பூசை நடந்தது. பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. முடிந்ததும் அவ அவலைச் சின்னக் கடதாசிக் கப்புகளில் போட, பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முன்னுக்கு நான்கு வயதுப் பொடியன் ஒருவன். மூன்றாவதாக என் மகள்.

“பொறுங்கோ! அவலுக்குள்ள எறும்பு” என்றேன். அப்போதும் பொய்தான் வந்தது.

மூன்றாம் மாடி ஐயா சிரித்தார். “எறும்பு தின்னா கண் நல்லாத் தெரியும் பிள்ளை. குடுங்கோ, குடுங்கோ.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சின்னவன் கப்புக்குள் விரலை விட்டான்.

நான் பாய்ந்து அந்தக் கப்பைப் பறித்தேன். அவன் வீரிட்டு அழுதான். “சாப்பிடாதேங்கோ! வெள்ளைக் கத்தியின்ர முனை உடைஞ்சு அதுக்குள்ள விழுந்திட்டுது. நான்தான் உடைச்சனான். சொல்லாம வச்சிட்டன்.”

சின்னவனின் தாய் அவனைத் தூக்கி, வாயைத் திறந்து பார்த்தா. என் மகள் என்னை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எதிர் வீட்டுக்காரி மட்டும் பதறாமல் ஒவ்வொரு கப்பாக வாங்கித் திரும்பப் பேசினுக்குள் கொட்டினா. பிள்ளைகளுக்குக் கடலையும் வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

பேசினோடு மேலே போனோம். அவ ஒரு கறுப்புச் சேலையை நிலத்தில் விரித்து அவலைக் கொட்டினா. இரண்டு பேரும் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளித் தேடினோம். அரை மணித்தியாலம் போயிருக்கும். இருந்தது. அவல் அளவுதான், அவல் நிறம்தான். தொட்டபோது விரலில் இரத்தம் வந்தது.

“புதுசு ஒண்டு வாங்கித் தாறன்” என்றேன்.

அவ தலையசைத்து மறுத்தா. “கத்திக்கு இல்லை அக்கா. உடைஞ்சதைச் சொல்லாம உறைக்குள்ள வச்சீங்களே, அதுதான் கவலையாக் கிடக்கு.” பிறகு வலது கையைக் காட்டினா. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மூட்டு வருத்தம், நான்கு வருசமாக இருக்கிறதாம். “இரும்புக் கத்தியை வச்சு ரெண்டு வெங்காயம் வெட்டேலாது. இது பாரமில்லை எண்டு என்ர சொந்த அக்கா நோர்வேயிலயிருந்து அனுப்பினவ. தேங்காயை உங்களிட்ட விட்டுட்டுப் போனதும் அதாலதான். சிரட்டையிலயிருந்து அதைக் கிளப்ப எனக்குப் பெலமில்லை.”

சேலையில் கிடந்த அவலை அள்ளிக் குப்பைப் பையில் கட்டினேன்.

சில கிழமை, லிப்டில் கண்டால் ஒரு வார்த்தை, அதோடு எங்கள் கதை பேச்சு முடிந்தது. பிறகு மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. முனை இல்லாத அந்தக் கத்தியால் அவ இன்னும் பழம் வெட்டுறா, என் மகள் இன்னும் அங்கேதான் தின்கிறாள். அதைப் பார்க்கிறபோது நெஞ்சுக்குள் சுருக்கென்று வராமல் இல்லை. வருகிறது. பொறாமை எனக்கு விட்டுப்போனது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அது வரும், போகும். அதற்காக நான் இப்போது வெட்கப்படுவதில்லை. ஆனால் என் பெயரைக் காப்பாற்ற, பிள்ளைகள் கை நீட்டி நின்ற அந்த வரிசைக்கு முன்னால் உண்மையைச் சொல்லாமல் நின்றேனே, அந்த ஒரு சில நிமிடத்தில் நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பயம் வருகிறது.