நெற்றியில் யானைக்காசு

என் அப்பா கறுப்பையா ஹுன்னஸ்கிரிய–கண்டி பஸ்ஸில் கொண்டக்டர். டிக்கட் காசோடு பழைய நாணயமோ நோட்டோ வந்தால், தன் பையிலிருந்து ஈடு வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வார். இப்படிச் சேர்ந்த சிலோன் சதங்களும் மகாராணி நோட்டுகளும் ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு அலுமாரியை நிறைத்தன. காசைத் துலக்கக் கூடாது என்பார். துலக்கினால் அதன் வயது போய்விடுமாம். ஒரு தீபாவளிக்கு அம்மா குத்துவிளக்கோடு சில காசுகளையும் புளி போட்டு விளக்கிவிட்டாள். அன்று அவர் பலகாரத்தைத் தொடவில்லை.

வேலையை விட்ட பிறகு, அந்தச் சேகரிப்பு முழுவதையும் மாத்தளையில் ஒருவரிடம் கொடுத்து ஒரே ஒரு காசை மாற்றிக்கொண்டார். ஆங்கிலேயர் முதலில் வந்த காலத்தது. யானை பொறித்த, தடித்த வெள்ளிக்காசு.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கண்டியில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அங்கே கொண்டுபோய்க் காட்டினார். பழங்காசு வியாபாரி ஜெயராஜின் சொல்தான் அங்கே தீர்ப்பு. அவர் காசைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"போலி. பஸ்ல எத்தன பேருக்கு மிச்சக் காசு குடுக்காம விட்டீங்க, கொண்டக்டரே? அந்தப் பாவம்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே ஜெயராஜ் எங்கள் வீட்டுக்கு வந்து, போலியை ஓர் ஆசைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்பா கொடுக்கவில்லை. கூட்டத்துக்கும் பிறகு போகவில்லை.

நான் கட்டுமானப் பொருள் பரிசோதனைக்கூடத்தில் தொழில்நுட்பவியலாளர். காசைச் சோதித்தேன். வெள்ளிக்குரிய அடர்த்தி சரியாக இருந்தது. ஜெயராஜிடம் சொன்னேன்.

"மெஷினுக்கு வெள்ளி தெரியும், தங்கச்சி. வயசு தெரியுமா?"

மாசியில் அப்பா இறந்தார். காசு மெய்யானது என்று ஜெயராஜ் தன் வாயால், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

குளிப்பாட்டியதும், நெற்றியில் வைக்கச் சித்தப்பா ஒற்றை ரூபாய் கேட்டார். நான் யானைக்காசைச் சந்தனத்தில் ஒட்டி வைத்தேன்.

சேகரிப்பாளர்கள் மலர்வளையத்தோடு வந்தார்கள். பெட்டியைக் குனிந்து பார்த்த ஜெயராஜ் நிமிரவே இல்லை.

"தங்கச்சி, அத எடுத்துருவீங்கதானே?"

"இல்ல மொதலாளி. போலிதானே, அப்பாவோட போகட்டும். சித்தப்பா, மூடுங்க."

மூடியைத் தூக்கினார்கள். ஜெயராஜ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதீங்க! அது அசல்! இந்த மாதிரி ஒண்ணு நான் கண்ணால கண்டதில்ல. மண்ணுல போட்றாதீங்க!"

பறை நின்றது. மடவளையிலிருந்து வந்திருந்த முஹ்ஸின் நானா, அப்பாவின் பழைய கூட்டாளி, முன்னால் வந்தார்.

"அப்ப அண்டைக்கு எங்கட முன்னுக்கு என்னத்துக்கு ஓய் பொய் சொன்ன?"

ஜெயராஜின் கண் காசிலேயே இருந்தது.

"எனக்குச் சொன்னது போதாது," என்றேன். "அப்பாகிட்ட சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சொன்னால் காசு கிடைக்கும் என்று நினைத்திருப்பார். குனிந்து, அப்பாவின் காதருகே, "அசல்தான் கறுப்பையா அண்ணே," என்றார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"இப்ப மூடுங்க, சித்தப்பா."

ஒவ்வோர் ஆணி இறங்கும்போதும் ஜெயராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குழிக்கு மேல் நானே நின்று கொங்கிரீட் போடுவித்தேன். சிமெந்து, மணல், கல் கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, உள்ளே கம்பிவலை. பாலத்தைக்கூடத் தாங்கும்.

ஜெயராஜ் இன்றும் அவ்வப்போது அங்கே வந்து நிற்பதாகச் சித்தப்பா சொல்கிறார். நிற்கட்டும்.