இருமுகிற பிக்கப்பில் ஏறிய புனிதர்

என்னிடம் உள்ள டீசல் பிக்கப் என் திருமணத்தைவிட மூத்தது. இரண்டில் எது கூடுதலாகச் சத்தம் போடும் என்பதை, நான் எழுதுவதை மனைவி வாசிப்பதால், சொல்லாமல் விடுகிறேன். வேகமாக ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் தேனீபோல முரலும். மெதுவாக ஊர்ந்தால்தான் பிரச்சினை. நான்கு சிலிண்டரில் ஒன்று தன் முறை வந்ததை மறந்துவிடும். மூன்று அடி அடித்து, ஒரு மௌனம். அந்த மௌனத்தில் முழு வண்டியும் தோளைக் குலுக்கும், அலுவலகத்தில் கோப்பு எங்கே என்று கேட்டால் நான் குலுக்குவதுபோல.

வேறொருவர் என்றால் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டுப் போயிருப்பார். எனக்கு அது ஏலாது. எங்கள் கோயில் திருநாளில் பாதுகாவலரான புனிதரின் சொரூபத்தை ஏற்றிக்கொண்டு, செபமாலை சொல்கிறவர்களின் நடைவேகத்தில், இரண்டு மணித்தியாலம் தெருத்தெருவாக ஊர்வது என் பிக்கப்தான். போன வருடம்தான் இந்தப் பெருமை எங்களுக்குக் கிடைத்தது. இருமலும் அன்றுதான் தொடங்கியது.

அன்று பவனி முடிந்து, கோயிலில் தனியாக நின்று மாலைகளைக் கழற்றும்போது, மாலையோடு புனிதரின் சுட்டுவிரலும் வந்தது. வழியெல்லாம் ஆடிய ஆட்டத்தில் விட்டிருக்க வேண்டும். இரண்டு விரலை உயர்த்தி ஆசீர்வதிக்கிற கை அது. சுட்டுவிரல் போனபின் தனியே நிமிர்ந்து நின்றது எந்த விரல் என்பதை வாசகர் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கோயிலுக்குள் வேண்டாம்.

வீட்டுக்கு ஓடி, இரண்டு டியூப்பைப் பிழிந்து கலக்கிற பசையை எடுத்துவந்து ஒட்டினேன். பாதரிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. அது பாவமா பராமரிப்பா என்பதில் எனக்கே தெளிவு இருக்கவில்லை.

இந்த வருடம் இருமல் முற்றிவிட்டது. இப்படியே பவனி போனால் விரல் நடுத்தெருவில் விழும். புனிதர் அந்த மற்ற விரலை வீடு வீடாகக் காட்டிக்கொண்டு போவார். திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது என் மனைவியின் தமையன், என் மச்சான், வந்தார். திருநாள் குழுவின் செயலாளர், புது லொறிக்காரர். பானட்டுப் பக்கம் காதைச் சாய்த்து, வைத்தியர்போல நின்றார்.

"உம்மட வாகனத்துக்கு நெஞ்சுச்சளி, மச்சான். என்ர லொறி சும்மாதான் நிக்குது. சொல்லும்."

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் ஓம் என்றிருப்பான். சனிக்கிழமைப் பவனிக்குள் சுகமாகிவிடும் என்றேன்.

பிறகு இந்த இருமலைப் பற்றி வாசித்தேன். எனக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் வாசிப்பேன், அதனால் நோய் ஒன்றுக்கு மூன்றாகும். டீசல் பில்டரை மாற்றினேன். டாங்கிக்குள் போத்தல் மருந்து ஊற்றினேன். மூதூரில் அடித்த டீசலைக் குறை சொன்னேன். வண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முன்போலவே இருமியது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிண்ணியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

கராஜ்காரர் அறுபதை நெருங்கியவர். எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். நான் வாசித்தறிந்ததை விளக்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு கதிரை போடச் சொன்னார். கதிரை போட்ட இடம் எஞ்சினிலிருந்து நல்ல தூரம்.

எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குப் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாக இளக்கினார். இளக்கும்போது அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால், இளக்கினாலும் எஞ்சின் சத்தத்தில் வித்தியாசம் வராது. அப்படித்தான் கள்ளனைப் பிடிப்பதாம். ஆனால் நான்கில் எதை இளக்கினாலும் எஞ்சின் முன்னைவிடக் கூடுதலாகத் தள்ளாடியது.

"நாலும் வேல செய்யிது சேர். ஒண்டும் கள்ளனில்ல. சாப்பாடுதான் ஒழுங்கா வரல்ல."

பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மீன்தொட்டிக்குப் போடுகிற கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டொன்றை மாட்டி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டீசலுக்குள் ஜிஞ்சர் பியர்போலக் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு துவாரத்தால் டீசலோடு காற்றையும் குடிக்கிறது என்றார். டாங்கியிலிருந்து தொடங்கி மூட்டு மூட்டாகத் தடவிக்கொண்டு வந்தவர், பில்டரின் தலையில் இருக்கிற, கையால் அமுக்கி டீசல் ஏற்றுகிற கைப்பம்பில் நின்றார். துணியால் துடைத்தார். வெடிப்பொன்றின் மேல் மஞ்சள் நிறத்தில் பொருக்கு ஒன்று தெரிந்தது.

"இத ஒட்டின ஆள் யாரு?"

நான் பாலத்துப் பக்கம் பார்த்தேன்.

"முந்தி ஒரு ஆள்," என்றேன்.

விரலை ஒட்டிய அன்று பசை மிஞ்சியிருந்தது. கலக்கியதை வீணாக்குவானேன் என்று, கைப்பம்பில் கண்ட மயிரளவு வெடிப்பிலும் பூசியிருந்தேன். அன்று மிகவும் பெருமைப்பட்டது இந்த வேலையைப் பற்றித்தான்.

நானா நகத்தால் கிள்ளினார். பொருக்குக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"ஆட்டம் இருக்கிற இடத்தில இந்தப் பச நிக்காது சேர். கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டு இருக்கும். ஒரு நாளைக்குக் கையோட வரும்."

அவர் கைப்பம்பைப் பற்றித்தான் சொன்னார். நான் என் சுட்டுவிரலைத் தடவிக்கொண்டேன்.

புதுக் கைப்பம்பு போட்டு, காற்றை வெளியேற்றி, எஞ்சினை எழுப்பினார். விளிம்பு முட்ட ஊற்றிய பிளேன்டீ ஒன்றை பானட்டில் வைத்தார். தேநீர் நடுங்கியது, சிந்தவில்லை. என்ன அவசரம் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி வண்டிக்கடியில் புகுந்தார்.

"அப்ப கிளச்சையும் பாத்திருவம். பெரிய மனிசர் ஏறுறார்."

சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போய் விரலைப் பார்த்தேன். இழுத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. இழுத்தால் அறிவு, இழுக்காவிட்டால் விசுவாசம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

பவனியில் மச்சான் பானட்டுக்கு அருகிலேயே நடந்தார். செபமாலை அவர் கையில் இருந்தது, காது என் எஞ்சினில் இருந்தது. எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. நான் தெருவைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் தெரிந்த அந்தக் கையைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு மணித்தியாலம் இரண்டு விரலும் நின்றன.

கோயில் வளவுக்குள் வந்ததும், ஏமாற்றத்தில் இருந்த மச்சான் சொரூபத்தை இறக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் பீடத்தைப் பிடித்தார்கள். அவர் மட்டும் புனிதரின் கையைப் பிடித்தார். சின்னதாய் ஒரு சத்தம். மாலைகள் மறைத்ததால் எங்கள் இருவரையும் தவிர யாரும் காணவில்லை. மச்சான் பொத்திய கையைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பப் பொத்தினார். ஊரை அதட்டுகிற மனிதர், முகத்தில் இரத்தமே இல்லை.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்திருக்காது.

"மச்சான்," என்றார் தணிந்த குரலில், "ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

"சேச்சே," என்றேன். "என்னட்டை நல்ல பசை கிடக்கு."

சனம் கலைந்தபின் அவர் விரலைப் பிடிக்க, நான் பசை கலந்தேன். நானா சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் இனி வண்டி ஆடாதே. உடைந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மச்சான், அதிலிருந்த மஞ்சள் பொருக்கை நகத்தால் சுரண்டினார்.

"இது முதலும் உடைஞ்சிருக்குப் போல. ஆர் இப்பிடிக் கேவலமா ஒட்டினது?"

"முந்தி ஒரு ஆள்," என்றேன்.