ஏழாவது கணு

செட்டிகுளத்தில் அந்த மக்காச்சோள விவசாயியைப் பார்த்தது ஒரே ஒரு காலைப்பொழுதில்தான். தோட்டத்துப் பறவைகளைப் பொதுமக்களே எண்ணி அனுப்பும் கணக்கெடுப்புக்காக, அவர் வீட்டு முருங்கையடியில் கால்மணி நேரம் நிற்க அனுமதி கேட்டிருந்தேன். ஒடிசலான ஆள், காதோரம் நரை. நான் செல்போனில் குறிக்க, அவரும் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"தவிட்டுக்குருவி ஆறு," என்றேன்.

"ஏழுங்க சார். ஒண்ணு கெணத்துமேட்டுல செத்துக் கெடக்குது. அதையும் எழுதிக்குங்க."

"உயிரோட இருக்கறதத்தாங்க எழுதணும்."

"அப்ப செத்தத யாரு எழுதுவா?"

சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எலிக்குன்னு அரிசியில மருந்து கலந்து வரப்புல வச்சது நாந்தாங்க. தெனமும் ஏழும் ஒண்ணாத்தான் வரும். நீங்க ஆறுன்னு எழுதிட்டா, ஏழாவது ஒண்ணு இருந்ததே இல்லேன்னு ஆயிடாதா?"

நேரம் முடிந்துவிட்டது. விதி விதிதானே என்று ஆறு என்றே அனுப்பிவிட்டேன். "போயிட்டு வரேங்க" என்று நான் கும்பிட்டபோது அவர் பதிலுக்குக் கைகூப்பவில்லை. அவருடைய கட்டைவிரல் இன்னும் அந்த ஏழாவது கணுவை அழுத்திக்கொண்டிருந்தது.